மொத பிரசவத்துக்கு அப்புறம் 6 வாரம் ஆன்லைன் சப்போர்ட் எடுத்தேன், என் ரிவ்யூ

எனக்கு மொத குழந்த, சிசேரியன், திண்டுக்கல் பக்கம் அம்மா வீட்லதான் இருந்தேன். ஆளுக்கு கொறச்சலே இல்ல, பூண்டு கொழம்பு பால்சுறா புட்டுன்னு அம்மா பாத்து பாத்து செஞ்சாங்க. ஆனா பாப்பாவ பாக்க வர்றவங்க எல்லாரும் அவ அழுதாலே "பால் பத்தல போல, பவுடர் பால் கலக்கி குடு"ன்னு சொல்லிட்டு போயிடுவாங்க, நான் அதையே நெனச்சு ராத்திரி பூரா அழுவேன். பொறந்தப்ப 2.8 கிலோ, டிஸ்சார்ஜ் அன்னிக்கு 2.6, அந்த பயம் வேற.

எட்டாவது நாள் என் ஃப்ரெண்ட் சொல்லித்தான், பால் குடுக்கறதுக்கும் பிரசவமான அம்மாவுக்கும் ஒரு கவுன்சிலர் உதவி பண்ற இந்த ஆன்லைன் சப்போர்ட்ல சேந்தேன். 2,400 ரூபா, நாலு வீடியோ கால், நடுவுல வாட்ஸப்ல டவுட் கேக்கலாம்.

மொத கால்ல அந்த கவுன்சிலர் அட்வைஸே பண்ணல, அம்மாவ ஃபோன புடிச்சுக்க சொல்லி நான் பால் குடுக்கறத பாத்துட்டே இருந்தாங்க. அப்புறம்தான் சொன்னாங்க, பாப்பா காம்ப மட்டும் புடிச்சு உறிஞ்சுறா, அதான் வெடிப்பு, அதான் உங்களுக்கு உயிர் போற வலின்னு. வாய நல்லா தொறக்கற வரைக்கும் பொறுத்து, காம்ப சுத்தி இருக்கற கருப்பும் உள்ள போற மாதிரி வைக்கணும், தாடை மார்ல ஒட்டணும். தையல் மேல படாம இருக்க பாப்பாவ கக்கத்துக்கு கீழ, கால் பின்னாடி போற மாதிரி புடிக்க சொல்லி குடுத்தாங்க. இத எங்க ஆஸ்பத்திரில யாரும் காட்டல, "குடுங்க குடுங்க"ன்னு மட்டும்தான் சொன்னாங்க.

அம்மா ஃபோன புடிச்சுட்டே "எம்புள்ளைக்கு பால் ஊறவே இல்லங்க"ன்னாங்க. அதுக்கு அவங்க கோவப்படாம "ஒரு நாளைக்கு எத்தன தடவம்மா ஒண்ணுக்கு போறா?"ன்னு கேட்டாங்க. ஏழெட்டு தடவ. "பொறந்து அஞ்சு நாளைக்கு மேல, ஒரு நாளைக்கு ஆறு தடவ போனாலே பால் போய் சேருதுன்னு அர்த்தம்மா, பொறந்த வெயிட்டு மொதல்ல கொஞ்சம் கொறையும், ரெண்டு வாரத்துல திரும்ப வந்துரும், வெயிட்டையும் பாத்துக்கலாம்"னு சொன்னாங்க. அதுக்கப்புறம் பவுடர் பால் பேச்ச எடுத்தவங்களுக்கு அம்மாவே பதில் சொன்னாங்க, எனக்கு அதுக்கே 2,400 குடுக்கலாம்.

மூணாவது வாரம் தமிழ்ல ஒரு ஃபார்ம் அனுப்புனாங்க, பிரசவத்துக்கு அப்புறம் மனச்சோர்வு இருக்கான்னு பாக்கற எடின்பரோ கேள்வித்தாளாம், 10 கேள்வி, போன ஏழு நாள் எப்படி இருந்தீங்கன்னு. எல்லாரும் குழந்தையத்தான் கேட்டாங்க, என்னைய பத்தி ஒருத்தர் கேட்டது அதுதான் மொத தடவ, நெரப்பும்போதே அழுதுட்டேன். மார்க் 30க்கு 14 வந்துச்சு, அது அதிகமாம், அன்னிக்கு சாயங்காலமே அவங்களா கூப்டாங்க. பிரசவமாகி மூணு நாலு நாள்ல வர்ற அழுகை ரெண்டு வாரத்துல அடங்கிடும், உங்களுக்கு அடங்கல, இத வச்சு வியாதின்னு முடிவு பண்ண முடியாது ஆனா கட்டாயம் டாக்டர்ட்ட காட்டணும்னு சொல்லி, ராத்திரில தாங்கலன்னா 14416 போடுங்க, அரசாங்கத்தோட மனநல ஹெல்ப்லைன் டெலி மானஸ், 24 மணி நேரம், காசில்ல, தமிழ்லயே பேசலாம்னாங்க. ஒரு நாள் ராத்திரி ரெண்டு மணிக்கு பேசினேன், அவசரப்படுத்தாம கேட்டாங்க. அப்புறம் டாக்டர்ட்டயும் போனேன், இப்ப பரவால்ல.

கொறையும் இருக்கு. சாப்பாட்டு சார்ட்ல ஓட்ஸ் அவகாடோன்னு போட்ருந்தாங்க, எங்க ஊர்ல அத எங்க போய் தேட? வாட்ஸப்ல பதில் வர சில நாள் அஞ்சாறு மணி நேரம் ஆச்சு, பால் கட்டி மாரு கல்லு மாதிரி ஆன அன்னிக்கு அது ரொம்ப கஷ்டமா இருந்துச்சு. வீட்டுக்காரருக்குன்னு ஒரு கால் கூட இல்ல, அவர் பாவம் என்ன பண்றதுன்னே தெரியாம நின்னாரு, அத கண்டிப்பா சேக்கணும்.

சேர்றதுக்கு முன்னாடி ரெண்டு விஷயம் கேட்டுக்கோங்க, தமிழ்ல பேசுவாங்களா, கேமரால பாத்து சொல்லுவாங்களா. காய்ச்சல், ரத்தப்போக்கு அதிகம், தையல்ல சீழ், பாப்பா பால் குடிக்காம தூங்கிட்டே இருக்கான்னா இங்க மெசேஜ் போட்டு காத்திருக்காதீங்க, நேரா ஆஸ்பத்திரிக்கு போயிருங்க.