பம்பு போச்சு என்றால் உடனே பணத்தை எடுக்காதீர்கள்

சென்னை காசிமேட்டில் புதுசாக ஃபைபர் போட்டு (மீன்பிடிப் படகு) கட்டக் கொடுத்திருப்பவர்கள், கொடுக்கப்போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுக் கடைசித் தவணையைக் கொடுங்கள். போட்டு கட்டிக்கொடுத்த யார்டின் பெயரைப் போடவில்லை. பஞ்சாயத்து இன்னும் முடியவில்லை.

எங்களுடையது 36 அடி. உள்ளே டீசல் இன்ஜின், 12 வோல்ட் பேட்டரி. ஜூன் 14 ராத்திரி மீன்பிடித் தடைக்காலம் முடிவதற்குள் கையில் கொடுத்துவிடுவதாகப் பேச்சு. சொன்னபடி கொடுத்தார்கள், அதில் குறை இல்லை. வெள்ளோட்டம் என்று துறைமுகத்துக்குள்ளேயே ஒரு சுற்று, பத்து நிமிஷம். இன்ஜின் ஓடியது, லைட் எரிந்தது, சுவிட்சைத் தட்டினால், போட்டின் அடியில் சேரும் தண்ணீரை வெளியே தள்ளும் பில்ஜ் பம்பு உறுமியது. வீட்டுக்காரியின் வளையலை அடகு வைத்த பணம் பையில் இருந்தது. எண்ணிக் கொடுத்துவிட்டேன். பம்பு உறுமியதே தவிர, அது தண்ணீர் தள்ளுகிறதா என்று பார்க்கத் தோன்றவில்லை. அன்றைக்குப் போட்டின் அடியில் தண்ணீரே கிடையாது.

முதல் நடையிலேயே வந்தது வினை. எண்ணூருக்கு நேரே இருபது பாகம் (ஒரு பாகம் ஆறடி) ஆழம். வலை விட்டு, இன்ஜினை அணைத்துவிட்டுக் கிடந்தோம். ராத்திரி ரெண்டு மணி இருக்கும், ஆழம் காட்டும் எக்கோ சவுண்டர் திரை அணைந்து அணைந்து எரிந்தது. "பம்பு போட்டா இது அணையுதுண்ணா" என்றான் கூட வந்த பையன். மொத்த வியாதியும் அந்த ஒரு வார்த்தையில் இருந்தது. எனக்குத்தான் உறைக்கவில்லை. பலகையைத் தூக்கிப் பார்த்தால் முழங்கால் தண்ணீர். இன்ஜினிலிருந்து விசிறிக்குப் போகும் ஷாஃப்ட் வழியாகச் சொட்டுவதும் ஐஸ் கரைவதும் எல்லாப் போட்டிலும் உண்டு, அதற்குத்தானே பம்பு. அதுவோ முனகிக்கொண்டிருந்தது. வெளிக்குழாயில் சின்னப் பிள்ளை ஒன்றுக்குப் போவது மாதிரி ஒழுகியது. பக்கெட்டால் இறைத்துக்கொண்டே கரை வந்து சேர்ந்தோம்.

"உப்புத் தண்ணி தம்பி, பம்பு போச்சு. மாத்திட்டா சரியாயிடும்" என்றார் யார்டுக்காரர். கியாரண்டி இன்ஜினுக்கு மட்டும்தானாம். பம்பு 4,500, கூலி 800. பத்து நாள் கழித்து அதே முனகல். இன்னொரு பம்பு. மூன்றாம் தடவை, "பேட்டரியும் வீக், அதையும் மாத்திடலாம்" என்றார்கள். மாற்றினேன். ஒரு வாரம் நன்றாக இருந்தது. அப்புறம் பழைய கதை. ஒவ்வொரு தடவையும் அவர்களுடைய ஆள் பம்பு ஒயரில் மீட்டர் வைத்து எனக்கே காட்டுவான்: 12.5. "பாருங்கண்ணா, கரண்ட் கரெக்டா வருது, பம்புதான் போச்சு."

கடைசியில் தண்டையார்பேட்டையில் மோட்டார் காயில் கட்டும் பெரியவர் ஒருவரை அப்பா கூட்டிவந்தார். அவரும் அதே இடத்தில்தான் மீட்டர் வைத்தார். 12.5. "இப்ப பம்பைப் போடு" என்றார். போட்டதும் முள் 9.6-க்கு இறங்கியது. பேட்டரி முனையில் வைத்துப் பார்த்தால் அங்கே 12.4 அப்படியே நிற்கிறது. "நடுவுல ஏறக்குறைய மூணு வோல்ட்டை எவன் தின்னான்? குழாயை மூடி வெச்சிட்டுப் பிரஷர் பாத்தா எல்லாம் சரியாத்தான் தெரியும். தொறந்து உட்டுப் பாக்கணும்."

பலகைக்கு அடியிலிருந்து ஒயரை இழுத்தோம். வீட்டுக்குப் போடுகிற 1.5 சதுர மில்லி சாதா செம்பு ஒயர். பேட்டரியிலிருந்து பம்புக்குப் பத்து மீட்டர், போக வர இருபது. எக்கோ சவுண்டருக்கும் அதே ஒயரிலிருந்துதான் எடுத்திருந்தார்கள். 8 ஆம்பியர் இழுக்கிற பம்புக்கு அந்த ஒயரிலேயே ரெண்டு வோல்ட் போய்விடும் என்று பெரியவர் பீடிக்கட்டு அட்டையில் கணக்குப் போட்டுக் காட்டினார். மீதியைத் தின்றது ஜாயிண்ட். முறுக்கி, கறுப்பு டேப் சுற்றி, தண்ணீர் நிற்கிற இடத்திலேயே போட்டிருந்தார்கள். டேப்பைப் பிரித்ததும் உள்ளிருந்து பச்சைத் தண்ணீர் வடிந்தது. செம்பு இழைகள் கறுத்துப்போய், நகத்தால் தொட்டால் பொடியாக உதிர்ந்தன. இது நடந்தது ஆகஸ்டில். போட்டுக்கு வயசு ரெண்டு மாசம்!

அதோடு நிற்கவில்லை. பம்பு லைனில் ஃபியூஸே கிடையாது. தண்ணீர் ஏறினால் தானாகப் பம்பைப் போடுகிற ஃப்ளோட் சுவிட்சுக்குப் போகும் லைனை மெயின் சுவிட்சுக்கு அப்புறம் எடுத்திருந்தார்கள். கரையில் கட்டிவிட்டு மெயினை அணைத்தால் ஆட்டோ பம்பும் செத்துவிடும். ஒரு மழை ராத்திரிக்கு மறுநாள் போட்டு ஏன் தாழ்ந்து கிடந்தது என்று அப்போதுதான் புரிந்தது. வெளிக்குழாயின் வாயையும் தாழ்வாக வைத்திருந்தார்கள். ஐஸும் மீனும் ஏறினால் அந்த வாய் கடலுக்குள் போய்விடும், பம்பு நின்றதும் கடல் தண்ணீர் அதே குழாய் வழியே உள்ளே திரும்பும்.

பெரியவர் வெள்ளீயம் பூசிய 6 சதுர மில்லி ஒயர் போட்டார். ஒயர் முனையில் லக் (உலோகக் கொண்டி) வைத்து நசுக்கி, சூடு காட்டினால் சுருங்கி ஒட்டும் பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் குழாய் ஏற்றி, ஜாயிண்டைத் தண்ணீர் தொடாத உயரத்துக்குத் தூக்கினார். பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்தில் ஃபியூஸ். ஃப்ளோட் லைன் தனி ஃபியூஸோடு நேராகப் பேட்டரியிலிருந்து. குழாயின் வாய் மேலே போனது. இப்போது பம்பு ஓடும்போதும் 12-ஐ ஒட்டியே நிற்கிறது, எக்கோ சவுண்டரும் கண் சிமிட்டுவதில்லை. கூலி என்று அவர் வாங்கியது யார்டுக்காரர் ஒரு பம்புக்கு வாங்கியதைவிடக் குறைவு.

போட்டு எடுக்கும்போது அடியில் ரெண்டு டிரம் தண்ணீர் ஊற்றச் சொல்லி, பம்பைப் போட்டு, எத்தனை நிமிஷத்தில் வடிகிறது என்று பாருங்கள். முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும். மீட்டர் வைத்தால் பம்பு ஓடும்போது வைக்கச் சொல்லுங்கள். என்ன ஒயர், எத்தனை மில்லி என்று பில்லில் எழுதி வாங்குங்கள். நான் 'மொத்தமா இவ்ளோ' என்று பேசியதால் கையில் வெறும் துண்டுச் சீட்டுதான் இருக்கிறது.

தொழிலுக்கு வாங்கினால் நுகர்வோர் சட்டம் செல்லாது என்று யார்டில் மிரட்டினார்கள். முழுக்க உண்மை இல்லை. பிழைப்புக்காகச் சுயதொழில் செய்கிறவர் வாங்கினால் 2019-ஆம் வருஷச் சட்டத்தில் அவரும் நுகர்வோர்தான். ரெண்டு வருஷத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும், முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசலாம். நான் பேசிவிட்டேன். யார்டுக்காரரின் குரல் அப்புறம் கொஞ்சம் இறங்கியிருக்கிறது.

'போன' பம்புகளை ஒரு கோணியில் போட்டு வைத்திருந்தேன். போன வாரம் ஒவ்வொன்றாக நேராகப் பேட்டரியில் கொடுத்து, டிரம் தண்ணீரில் இறக்கிப் பார்த்தேன். மூன்றும் ஜோராக இறைக்கின்றன. ஒன்றை மச்சான் எடுத்துக்கொண்டான். மீதி ரெண்டு இருக்கிறது, நம்ம ஆட்கள் யாருக்காவது வேண்டுமென்றால் பாதி விலைக்குத் தருகிறேன்.