'பிரிவென்ட்' இணையவழிப் பயிற்சி: ஒழுங்கான பாடம், வழுக்கும் மொழி

பிரித்தானிய உள்துறை அமைச்சகம் ஆசிரியர்கள், மருத்துவப் பணியாளர்கள் போன்றோருக்கு இலவசமாக வழங்கும், மக்கள் பயங்கரவாதத்துக்குள் ஈர்க்கப்படாமல் தடுக்க முனையும் 'பிரிவென்ட்' திட்டத்துக்கான பயிற்சி, ஒரு சேவை என்ற அளவில் ஒழுங்காகவே அமைந்திருக்கிறது. விழிப்புணர்வு, பரிந்துரை (கவலைக்குரியவராகத் தோன்றுபவரைப் பற்றி அதிகாரிகளுக்குத் தெரிவித்தல்), 'சேனல்' திட்டம் (அப்படிப் பரிந்துரைக்கப்பட்டவர்களுள் தேவைப்படுவோருக்கு உதவி வழங்குவது) எனப் பாடங்கள் படிப்படியாக நகர்கின்றன, முடிவில் சான்றிதழும் கிடைக்கிறது. குறை அதன் மொழியில் இருக்கிறது. 2015ஆம் ஆண்டின் பயங்கரவாத எதிர்ப்பு மற்றும் பாதுகாப்புச் சட்டம் பள்ளிகள்மீது சுமத்திய இந்தத் தடுப்புக் கடமையை, குழந்தைப் பாதுகாப்பின் இயல்பான நீட்சியாகவே இப்பயிற்சி முன்வைக்கிறது. கொடுமைக்கு ஆளான குழந்தையைக் காப்பதற்கும், குற்றமேதும் செய்யாத மாணவனின் கருத்தைக் காவல்துறையின் மதிப்பீட்டுக்கு அனுப்புவதற்கும் உள்ள தொலைவு அந்தப் பரிவான சொல்லாட்சியில் மறைந்துபோகிறது. 'சேனல்' உதவியை ஏற்பதற்கு ஒப்புதல் வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் அதற்கு முந்தைய படியான பரிந்துரையை, சம்பந்தப்பட்டவரின் ஒப்புதலின்றியே செய்துவிடலாம்.

2011இல் அரசு வகுத்த வரையறை, சனநாயகம், சட்டத்தின் ஆட்சி முதலிய 'அடிப்படைப் பிரித்தானிய விழுமியங்களை' வாய்மொழியாக எதிர்ப்பதையும் தீவிரவாதத்துள் அடக்கியது. (உலகின் பொதுச்சொத்தான இவை எப்போது பிரித்தானியாவுக்கு மட்டும் உரியவையாயின என்பது வேறு கதை.) அரியணையை ஒழிக்கக் கோரும் மாணவன் இதில் எங்கே நிற்கிறான் என்று வரையறை தெளிவாகச் சொல்வதில்லை. நடைமுறையை அறிய இப்பயிற்சி போதும். வகுப்பறையில் அரசியல் பேச அஞ்சும் ஆசிரியருக்கு இது துணிவு தராது.