எல்லா செமி ஆட்டோமேட்டிக்குக்கும் பொருந்தும் என்று விற்கப்படும் உறை பிடிப்பான்: ஏமாறாதீர்கள்

செமி ஆட்டோமேட்டிக் ஷாட்கன்னில் (சுட்டதும் காலி உறையைத் தானே வெளியே தள்ளி அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் துப்பாக்கி) காற்றில் வீசப்படும் களிமண் தட்டு சுடுகிறவர்களுக்கு, அதிலும் சுட்ட தோட்டா உறைகளைச் சேர்த்து மருந்தும் குண்டுகளும் மறுபடி நிரப்புகிறவர்களுக்கு, இந்த எச்சரிக்கை.

உறை வலப்பக்கம் தெறித்துப் பக்கத்து நிலையில் நிற்பவர்மேல் விழக்கூடாது, சேற்றிலும் புதையக்கூடாது என்பதற்காக, ரிசீவரில் (துப்பாக்கியின் நடு உடற்பகுதி) பொருத்தும் கம்பிப் பிடிப்பான் ஒன்றை ஆன்லைனில் வாங்கினேன். எந்த 12 போர் (குழாய் விட்டத்தின் அளவு) செமி ஆட்டோமேட்டிக்கிலும் காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும், இரண்டு தட்டுகளை அடுத்தடுத்துச் சுடும் இரட்டைத் தட்டுச் சுடுதலுக்கும் ஏற்றது என்றது விளம்பரம். எதுவுமே உண்மையில்லை.

என் துப்பாக்கியின் ரிசீவர் அலுமினியக் கலவை. பல செமி ஆட்டோமேட்டிக்குகள் அப்படித்தான் வருகின்றன. அதில் காந்தம் எப்படி ஒட்டும்? புகார் செய்ததும் இருபக்க ஒட்டுநாடாவை அனுப்பி, அதைக்கொண்டு ஒட்டச் சொன்னார்கள். ஒட்டினேன்.

பெரிய கோளாறு அதற்குப் பிறகுதான் தெரிந்தது. அவர்களுடைய செயல்விளக்க வீடியோவில் சுடாத தோட்டாக்களைக் கையால் போல்ட்டை (முன்னும் பின்னும் நகர்ந்து தோட்டாவை உள்ளே தள்ளி மூடும் பாகம்) இழுத்து வெளியேற்றிக் காட்டுகிறார்கள். தோட்டாவில் அச்சிட்டிருக்கும் 70 மி.மீ. என்பது, சுட்டபின் வாய் மடிப்பு விரிந்த உறையின் நீளம். சுடாத தோட்டா அதைவிட ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் குட்டை. அந்தக் குட்டை அளவுக்கு வளைத்த கம்பியில் சுட்ட உறை எப்படித் திரும்பும்? அதன் வாய், உறை வெளியேறும் திறப்பின் விளிம்பில் இடித்து நிற்க, முன்னால் வரும் போல்ட் அதை நசுக்கிப் பிடித்துக்கொண்டது. இரண்டு தோட்டா போட்டுச் சுடும்போது நிலைமை இன்னும் மோசம்: நசுங்கிய உறைக்குக் கீழே, சுடாத தோட்டா மேலே ஏறி வரக் காத்திருக்கிறது. அந்த நேரத்தில் குழாய் முன்பக்கம் பார்த்தபடியே இருக்க வேண்டும். பதற்றத்தில் துப்பாக்கியைப் பக்கவாட்டில் திருப்பினால் உயிருக்கே ஆபத்து. ஒரு கம்பித் துண்டை விற்பதற்காக வாங்குகிறவரை இந்த நிலையில் நிறுத்துவதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

இரட்டைத் தட்டுக்கு ஏற்றது என்பதும் ஏமாற்று. முதல் உறை திறப்பிலேயே பிடிபட்டு நின்றால் இரண்டாவது எந்த வழியாக வெளியேறும்?

எழுதிக் கேட்டேன். "உங்கள் துப்பாக்கியில்தான் பழுது" என்றார்கள். பிடிப்பானைக் கழற்றிவிட்டு ஒரு பெட்டித் தோட்டாவை ஒரு தடங்கலும் இல்லாமல் சுட்டு, அந்த வீடியோவை அனுப்பினேன். உடனே பேச்சு மாறியது: ஒட்டுநாடா ஒட்டிய பொருளைத் திரும்பப் பெற மாட்டார்களாம். அந்த நாடாவை அனுப்பியவர்களே அவர்கள்தான்!

பிடிப்பான் வேண்டுமென்றால் உங்கள் துப்பாக்கியின் மாடல் பெயரைச் சொல்லி, அதில் உண்மையாகவே சுட்டுக் காட்டும் வீடியோவைக் கேளுங்கள். தயங்கினால் வாங்காதீர்கள். இப்போதைக்கு நான் வலப்பக்கம் ஒரு தார்ப்பாய் விரிக்கிறேன். தரையில் விழுந்த உறை மைதானத்துக்கே சொந்தம் என்ற விதி சில இடங்களில் உண்டு, முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். காந்தக் கோலால் பொறுக்க நினைத்தால், எஃகு அடிப்பாகம் உள்ள உறைகள் மட்டுமே அதில் ஒட்டும், பித்தளை ஒட்டாது.

அதே பொருள் இப்போது வேறு பெயரில், அதே படங்களோடு விற்பனைக்கு வந்திருக்கிறது. பொருந்தும் மாடல்களின் பட்டியல் அதிலும் இல்லை.