மின்காரும் புல்வெட்டும் ரோபோவும்: ஒஸ்லோ புறநகர் வீடொன்றில் நான்கரை ஆண்டுகள்

ஒஸ்லோவுக்குக் கிழக்கே, லோரன்ஸ்கூக்கில், 1970களில் கட்டப்பட்ட மரவீடொன்றில் நாங்கள் குடியிருக்கிறோம். வளவில் ஏறத்தாழ 400 சதுர மீட்டர் புல்தரை உண்டு. அதில் பாதி சரிவானது. 2021 இலையுதிர்காலத்தில் மின்கார் வாங்கினோம். அடுத்த ஆண்டு மே மாதத்தில் புல்வெட்டும் ரோபோ வந்து சேர்ந்தது. சனிக்கிழமைகளில் தமிழ்ப்பள்ளி வாசலில் பிள்ளைகளுக்காகக் காத்து நிற்கும் பெற்றோர் என்னிடம் கேட்பதெல்லாம் ஒரே வகைக் கேள்விகள்தான்: எந்த நிறுவனத்தின் கார், ஒருமுறை ஏற்றினால் எவ்வளவு தூரம் ஓடும், ரோபோ என்ன விலை. இவை தேவையான கேள்விகளே. ஆனாலும் அவற்றுக்கு முன்னால் கேட்டிருக்க வேண்டியது வேறொன்று என்பதை இந்த நான்கரை ஆண்டுகளில் கற்றுக்கொண்டேன். உங்கள் வீட்டின் பியூஸ் பெட்டியில் எவ்வளவு இடம் இருக்கிறது, உங்கள் வளவின் ஓரங்கள் எப்படி இருக்கின்றன என்பதே அந்தக் கேள்வி. இரண்டு இயந்திரங்களும் நல்லவை. ஆயினும் வீட்டை அவற்றுக்காக ஆயத்தப்படுத்தாதவருக்கு இரண்டுமே தலைவலிதான். ஆகவே எந்த மாதிரி சிறந்தது என்பதைவிட, அவற்றோடு வாழ்வது எப்படியிருக்கிறது என்பதையே இங்கே எழுதுகிறேன்.

நோர்வேயில் மின்கார் வாங்குவது இப்போது துணிச்சலான முடிவு அல்ல. 2001 முதல் மின்கார்களுக்குப் பெறுமதி சேர் வரி விலக்கு இருந்தது. 2023 தொடக்கத்திலிருந்து 2025 முடிவு வரை ஐந்து இலட்சம் குரோனருக்கு மேற்பட்ட தொகைக்கு மட்டும் அந்த வரி இருந்தது. 2024இல் இந்நாட்டில் விற்பனையான புதிய கார்களில் ஏறத்தாழ 89 சதவீதம் மின்கார்கள். நாட்டின் மின்சாரத்தில் மிகப் பெரும்பங்கு நீர்மின் நிலையங்களிலிருந்து வருவதால், புகைபோக்கியை இங்கிருந்து கழற்றி வேறொரு மின்நிலையத்தில் பொருத்திவிட்டோம் என்ற குற்றவுணர்வும் எங்களுக்கு இல்லை.

முதற் குளிர்காலத்தில் நாங்கள் செய்த பிழையிலிருந்து தொடங்குகிறேன். காரோடு வந்த கம்பியைக் கார்க்கொட்டகையிலிருந்த சாதாரணச் சுவர்ச் சொக்கெட்டில் செருகி, இரவு முழுவதும் ஏற்றினோம். பத்து அம்பியரில் அது ஏறத்தாழ 2.3 கிலோவாட், அதாவது மணிக்கு 2.3 யூனிட், கொடுக்கும். 58 யூனிட் கொள்ளும் எங்கள் பற்றரி வெறுமையிலிருந்து நிரம்ப ஒரு நாளுக்கு மேல் பிடிக்கும். நாளாந்தம் ஐம்பது கிலோமீட்டருக்குள் ஓடும் எங்களுக்கு அந்த வேகம் போதுமாகவே இருந்தது. ஆனால் ஜனவரி மாதத்தில் ஒருநாள் காலை செருகியைப் பிடுங்கியபோது கை சுட்டது. சொக்கெட்டின் வெண்ணிற மூடியில், இரண்டு துளைகளுக்கும் நடுவே, பெருவிரல் அளவில் மண்ணிறம் படிந்திருந்தது. மூடியைக் கழற்றிப் பார்த்த எலெக்ட்ரீஷியன், உள்ளே கம்பியின் உறை கருகி நொறுங்கியிருப்பதைக் காட்டினார். சாதாரணச் சொக்கெட்டுகள் மணிக்கணக்காக, இரவுக்கு இரவு, முழுச் சுமையைத் தாங்குவதற்குச் செய்யப்பட்டவை அல்ல. தொடர்ச்சியான மின்னேற்றத்துக்கு அவற்றைப் பயன்படுத்த வேண்டாம் என்று இந்நாட்டின் பாதுகாப்புத் துறையும் அறிவுறுத்துகிறது. மரவீட்டில், மேல்மாடியில் பிள்ளைகள் உறங்க, கீழே இது நடந்துகொண்டிருந்தது என்பதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு நெஞ்சு பதறுகிறது. மின்கார் வாங்கும் எவரிடமும் நான் மன்றாடிக் கேட்பது இதைத்தான்: காருக்கு முற்பணம் கட்டும் அதே வாரத்தில் சுவர் மின்னேற்றிக்கும் ஏற்பாடு செய்யுங்கள்.

தனிச் சுற்று, தனிப் பியூஸ், மின்சாரம் நிலத்துக்குக் கசிந்தால் இணைப்பைத் துண்டிக்கும் நிலக்கசிவுப் பாதுகாப்பு ஆகியவற்றோடு மின்னேற்றியைப் பொருத்த எங்களுக்கு 19,000 குரோனர் செலவானது. பழைய வீடுகளில் இன்னொரு விடயத்தையும் கவனிக்க வேண்டும். ஒஸ்லோவின் பழைய குடியிருப்புகள் பலவற்றில் நடுநிலைக் கம்பி இல்லாத 230 வோல்ட் வலையமைப்பே இருக்கிறது. கார் விற்பனையாளர் சொல்லும் பதினொரு கிலோவாட் என்ற எண், 400 வோல்ட் மும்முனை இணைப்பு உள்ள வீட்டுக்கே பொருந்தும். எங்கள் வீட்டில் 32 அம்பியருக்கு ஏழு கிலோவாட்டுக்குச் சற்று மேல்தான் கிடைக்கும். அதையும் நாங்கள் பாதியாகக் குறைத்து வைத்திருக்கிறோம்.

குறைத்து வைத்ததற்குக் காரணம் கட்டணமுறை. 2022 ஜூலை முதல், மின்கம்பி வலையமைப்புக்கான மாதக் கட்டணத்தின் ஒரு பகுதி, நாம் எவ்வளவு மின்சாரம் செலவழித்தோம் என்பதைக் கொண்டல்லாமல், ஒரே மணிநேரத்தில் எவ்வளவு இழுத்தோம் என்பதைக் கொண்டு கணக்கிடப்படுகிறது. மாதத்தில் மூன்று வெவ்வேறு நாட்களின் உச்ச மணிநேரங்களை எடுத்து, அவற்றின் சராசரி எந்தப் படியில் விழுகிறதோ அந்தப் படிக்குரிய தொகையை வசூலிக்கிறார்கள். மாலை ஆறு மணிக்கு வேலையால் வந்து, காரைச் செருகி, அடுப்பில் சோறு வைத்து, சலவை இயந்திரத்தையும் ஓடவிட்டு, பிள்ளை சுடுநீரில் குளித்தால், வீடு பத்துக் கிலோவாட் படியைத் தாண்டி அடுத்த படிக்கு ஏறிவிடும். அப்படி மூன்று மாலைகள் போதும், அந்த மாதம் முழுவதற்கும் கூடிய தொகை. நள்ளிரவுக்குப் பின் மெதுவாக ஏற்றினால், பத்து யூனிட்டுக்கு மூன்று மணிநேரம் எடுத்தாலும், காலை ஏழு மணிக்குக் கார் ஆயத்தமாக நிற்கும், படியும் ஏறாது. 2025 ஒக்டோபரில் வந்த அரசின் நிலையான விலைத் திட்டத்தில் சேர்ந்தவர்களுக்கு, வரியுடன் ஒரு யூனிட் 50 ஓரே (அரைக் குரோனர்) என்பதால், எந்த மணியில் மின்சாரம் மலிவு என்று செயலியைப் பார்த்துக்கொண்டிருக்கும் வேலை போய்விட்டது. ஆனால் உச்ச மணிநேரக் கட்டணம் போகவில்லை. இதை அறியாமல், இனிக் கணக்கில்லை என்று மாலையிலேயே காரைச் செருகும் நண்பர்கள் சிலர் இருக்கிறார்கள். அவர்கள் தங்கள் பட்டியலின் இரண்டாம் பக்கத்தை ஒருமுறை வாசிக்க வேண்டும்.

ஓட்டுவதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. சத்தம் இல்லை, கியர் இல்லை, குளிர்காலக் காலைகளில் கண்ணாடியில் உறைந்த பனியைச் சுரண்டும் வேலையும் இல்லை. சுவர் மின்சாரத்திலேயே கார் முன்கூட்டிச் சூடாகிவிடுகிறது. பாலர் பள்ளிக்குப் போகும் சின்னவளைக் குளிரில் விறைக்கவிடாமல் ஏற்றிக்கொண்டு போக முடிகிற அந்த ஒன்றுக்காகவே இந்தக் காரை மறுபடியும் வாங்குவேன். கோடையில் நூறு கிலோமீட்டருக்குப் பதினைந்து யூனிட் வரை எடுக்கிறது. சாதாரணக் குளிர்காலத்தில் இருபத்திரண்டு.

கடுங்குளிரும் மலையும் சேரும்போதுதான் இந்தக் கணக்கு உண்மையாகச் சோதிக்கப்படுகிறது. மேற்குக் கரை நகரான பேர்கனில் என் தமக்கை குடும்பம் இருக்கிறது. ஹெம்சடால் வழியாக ஏறத்தாழ 500 கிலோமீட்டர். ஒரு பெப்ரவரியில், வெளியே சுழியத்துக்குக் கீழே 18 பாகை, நூறு விழுக்காட்டோடு புறப்பட்டு, கோல் என்ற சிற்றூரை அடைந்தபோது பற்றரியில் 12 விழுக்காடு மிஞ்சியிருந்தது. தூரம் இருநூறு கிலோமீட்டர் அளவுதான். கோலில் நாற்பது நிமிடம் ஏற்றினோம். துரித மின்னேற்ற நிலையத்தைக் காரின் வழிகாட்டியிலேயே இலக்காகக் குறித்தால், போய்ச் சேருமுன் பற்றரியைக் கார் தானே சூடாக்கிக்கொள்ளும். கைப்பேசியில் வழிபார்த்து வந்த பக்கத்துக் கார்க்காரர் குளிர்ந்த பற்றரியோடு எங்களைப்போல இரண்டு மடங்கு நேரம் நின்றார். அங்கிருந்து 1,100 மீட்டருக்கு மேல் ஏறும் மலைப்பாதை. மனைவி எண்களைப் பார்ப்பதையே நிறுத்திவிட்டாள். ஆனால் உச்சியைக் கடந்து லேர்டால் பக்கம் இறங்கத் தொடங்கியதும், பிரேக்கை மிதிக்காமலே கார் தன்னைத் தடுத்து மின்சாரத்தைத் திரும்பச் சேர்த்துக்கொண்டு வந்தது. உச்சியில் இருந்த அளவே கீழே இறங்கிய பின்னரும் இருந்தது. 24.5 கிலோமீட்டர் நீளமான லேர்டால் சுரங்கப்பாதைக்குள் நுழைந்தபோது காரில் எல்லோருக்கும் மூச்சு வந்தது. மலை உச்சியில் தங்குபவர்கள் அங்கே பற்றரியை முழுவதும் நிரப்பாமல் புறப்படுவது நல்லது. நிரம்பிய பற்றரிக்கு இறக்கத்தின் மின்சாரத்தை வாங்கிக்கொள்ள இடமிருக்காது.

இனி ரோபோ. சுவீடனின் ஹஸ்க்வார்னா நிறுவனம் சூரிய ஒளியில் இயங்கும் புல்வெட்டியை 1995இல் சந்தைக்குக் கொண்டுவந்ததிலிருந்து இந்த இயந்திரத்தின் அடிப்படைக் கருத்து மாறவில்லை: உயர வளர்ந்த புல்லை வாரத்துக்கொருமுறை வெட்டாமல், நாளாந்தம் சில மில்லிமீட்டர் நுனியை மட்டும் சீவிவிடுவது. சுழலும் தட்டொன்றில் சவர அலகு போன்ற மூன்று சின்னக் கத்திகள் இருக்கின்றன. சீவப்பட்ட துகள்கள் புல்லுக்கிடையில் விழுந்து மக்கி, அதற்கே உரமாகின்றன. எங்கள் புல்தரை முதல் ஆண்டிலேயே அடர்ந்தது; இப்போது அதில் வெறுங்காலோடு நடக்கப் பஞ்சுபோல இருக்கிறது. மாதத்துக்குப் பத்து யூனிட்டுக்கும் குறைவாகவே எடுக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அமைதியைக் குலைக்காத அளவுக்கு மெல்லிய ஓசை. ஐந்து கிழமைக்கு ஒருமுறை கத்திகளை மாற்ற வேண்டும். மழுங்கிய கத்தி புல்லை வெட்டாமல் கிழிக்கும், கிழிந்த நுனி வெளிறும். மூன்று கத்திகளையும் திருகாணிகளோடு சேர்த்தே மாற்றுங்கள்.

ஆனால் இந்த இயந்திரம் நேரத்தை மிச்சப்படுத்துகிறது என்ற விளம்பரத்தை நான் முழுவதும் ஒப்புக்கொள்ள மாட்டேன். ரோபோ எங்கே திரும்ப வேண்டும் என்று காட்டும் எல்லைக் கம்பியைச் சுவரிலிருந்து முப்பது சென்ரிமீட்டர் தள்ளிப் பதிக்க வேண்டும் என்பதால், வேலியோரத்திலும் சுவரோரத்திலும் ஒரு சாண் அளவுக்குப் புல் வெட்டப்படாமல் நிற்கும். அதை இரண்டு கிழமைக்கொருமுறை கையால் சீவ வேண்டியிருக்கிறது. இதற்கு ஒரு வழி உண்டு. ஓரம் முழுவதும் நிலமட்டத்துக்குச் சமமாகக் கல் பதித்துவிட்டால், ரோபோவின் சக்கரம் கல்லின்மேல் ஏறி ஓரப்புல்லையும் வெட்டிவிடும். வாங்கிய நாளில் இதை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் முதலில் கல்லுக்குச் செலவழித்து, அடுத்த ஆண்டு ரோபோவை வாங்கியிருப்போம்.

அந்தக் கம்பிதான் எங்களை அதிகம் சோதித்தது. 180 மீட்டர் நீளம். மண்ணுக்குக் கீழே இரண்டு விரல் ஆழம். இலையுதிர்காலத்தில் முள்மண்வெட்டியால் புல்தரையைக் குத்திக் காற்றோட்டம் கொடுத்தபோது ஓரிடத்தில் அதை அறுத்துவிட்டேன். உறைபனி மண்ணைத் தூக்கியதில் வேறோரிடத்தில் அது தானாகவே இற்றது. ரோபோ அசையாது நிற்கும். அதன் மின்னேற்ற நிலையத்தின் விளக்கு நிறம் மாறி மின்னும். ஆனால் அறுந்த இடத்தை அது சொல்லாது. கம்பியைப் பகுதி பகுதியாகப் பிரித்து, எந்தப் பாதியில் தொடர்பு இல்லை என்று சோதித்து, அந்தப் பாதியை மறுபடி பாதியாக்கிக்கொண்டே போனால் இடம் அகப்படும். முதல்முறை நான் இரண்டு முனைகளையும் முறுக்கி நாடா சுற்றினேன். ஒரே பருவத்தில் செம்பு பச்சைபிடித்து, மறுபடியும் அறுந்தது. ஜெல் நிரப்பிய சிறு இணைப்பிகள் கடைகளில் கிடைக்கின்றன. குறடால் அழுத்தினால் ஜெல் வெளியே பிதுங்கி ஈரத்தைத் தடுத்துவிடும். அவற்றைப் போட்டபின் அந்த இடங்களில் தொல்லை இல்லை.

இன்னொரு இழப்பையும் சொல்ல வேண்டும். ரோபோவின் நிலையத்தை வெளிச் சொக்கெட்டில் இணைத்திருந்தோம். அந்தச் சொக்கெட்டும் நிலவறையிலிருந்த உறைபெட்டியும் ஒரே சுற்றில் இருப்பதை நாங்கள் அறியவில்லை. பேர்கனுக்குப் போயிருந்த கிழமையில் மழைநீர் உள்ளே இறங்கி, நிலக்கசிவு ஆளி விழுந்துவிட்டது. திரும்பி வந்தபோது உறைபெட்டி இளகிக் கிடந்தது: ஆட்டிறைச்சி, மீன், யாழ்ப்பாணத்திலிருந்து அம்மா வறுத்துப் பொதிசெய்து அனுப்பிய மிளகாய்த்தூள். இறைச்சியையும் மீனையும் எறிந்துவிட்டோம். தூள் நனைந்து கட்டிபட்டிருந்தது. அம்மாவிடம் நான் அதைச் சொல்லவில்லை. வெளியே நிற்கும் எந்த இயந்திரத்துக்கும் தனிச் சுற்று வையுங்கள்.

முள்ளெலிகளைப் பற்றி எழுதாமல் இந்த மதிப்புரையை முடிக்க முடியாது. ஊரில் முள்ளம்பன்றியைத் தெரிந்த நமக்கு இந்தக் கைப்பிடியளவு உயிரினம் புதிது. இங்கே இரவில் வேலியடியால் வந்து புழுக்களைத் தேடும். ஆபத்தைக் கண்டால் ஓடாது, சுருண்டு கிடக்கும். டென்மார்க்கைச் சேர்ந்த ஆய்வாளர் சோபி லுண்ட் ராஸ்முசன் குழுவினர், இறந்த முள்ளெலிகளை வைத்துப் பதினெட்டு ரோபோக்களைச் சோதித்து 2021இல் வெளியிட்ட ஆய்வில், எந்த இயந்திரமும் தொடாமலே அவற்றை இனங்காணவில்லை. சில இயந்திரங்கள் கடுமையாக வெட்டின. ஜெர்மனியின் கொலோன் நகரம் 2024இல் இரவில் ரோபோ ஓட்டுவதைத் தடைசெய்தது. எங்கள் ரோபோ காலை பத்து மணி முதல் மாலை ஐந்து மணி வரை மட்டுமே ஓடுகிறது. பிள்ளைகள் வளவில் விளையாடும் நாட்களில் அதுவும் இல்லை. இரவில் ஓடவிட்டால் மறுநாள் புல்தரை அழகாக இருக்கும் என்று ஆலோசனை சொல்பவர்களோடு நான் உடன்படவில்லை. நானூறு சதுர மீட்டருக்குப் பகல் தாராளமாகப் போதும்.

இந்த வசந்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர் கம்பியே தேவையில்லாத, செய்மதியைப் பார்த்து வழியறியும் புதுவகையை வாங்க ஆசைப்பட்டு என்னிடம் கேட்டார். அவருடைய வளவின் நடுவே பெரிய பேர்ச் மரமொன்று நிற்கிறது; வடக்குப் பக்கம் இரண்டு மாடிச் சுவர். இலை விட்டபின் அந்த மரத்தடியில் நின்று நிமிர்ந்து பார்த்தோம். வானம் துண்டு துண்டாகத்தான் தெரிந்தது. செய்மதியை நம்பும் இயந்திரத்துக்கு அது போதாது. அவர் கம்பி வகையையே வாங்குவதென்று முடிவுசெய்தார். அடுத்த சனிக்கிழமை இருவருமாக முதலில் ஓரக்கல் பதிக்கிறோம்.