மேசைமேல் ஒரு என்.எம்.ஆர்.: 60 மெகாஹெர்ட்ஸ் கருவியுடன் 2 ஆண்டுகள்

புதிய சேர்மம் ஒன்றைத் தயாரித்து முடித்த வேதியியலாளர் அடுத்ததாகக் கேட்கும் கேள்வி, குடுவையில் இருப்பது தாம் எண்ணிய மூலக்கூறுதானா என்பதே. அதற்கு மிகவும் நம்பத்தக்க விடையைத் தருவது அணுக்கரு காந்த ஒத்ததிர்வு எனப்படும் என்.எம்.ஆர். நிறமாலை. எங்கள் ஆய்வகத்தில் மாதிரியைப் பொதுக் கருவி மையத்துக்கு அனுப்பிவிட்டு இரண்டு மூன்று நாள் காத்திருப்பதே நெடுங்காலம் வழக்கமாக இருந்தது. மேசைமேல் வைக்கக்கூடிய 60 மெகாஹெர்ட்ஸ் கருவி ஒன்றை வாங்கிப் பயன்படுத்தத் தொடங்கி இப்போது இரண்டு ஆண்டுகள் நிறைந்துள்ளன. வாங்குவதா வேண்டாமா என்று யோசிக்கும் ஆய்வகங்களுக்காகவும், இத்துறையில் வேலை தேடும் இளைஞர்களுக்காகவும் அதன் நிறைகுறைகளை எழுதுகிறேன்.

என்.எம்.ஆர். கருவியைக் குறிக்கும் மெகாஹெர்ட்ஸ், அதன் காந்தப் புலத்தில் ஹைட்ரஜன் அணுக்கரு ஒத்ததிரும் அதிர்வெண்; புலம் வலுத்தால் அதுவும் உயரும். வழக்கமான 400 மெகாஹெர்ட்ஸ் கருவியின் காந்தப் புலம் 9.4 டெஸ்லா. அந்த வலிமையைத் தரும் மீக்கடத்திச் சுருள் –269 பாகை செல்சியஸில் உள்ள திரவ ஹீலியத்தில் மூழ்கியிருக்க வேண்டும். அதைச் சுற்றித் திரவ நைட்ரஜன் நிற்க வேண்டும். இரண்டையும் தவறாமல் நிரப்பிக்கொண்டே இருக்க வேண்டும். மேசைக் கருவியில் இவை எதுவும் இல்லை. அதற்குள் இருப்பது 1.4 டெஸ்லா நிலைக்காந்தம். சாதாரண மின் இணைப்பும், எல்லா ஆய்வகத்திலும் கிடைக்கும் 5 மில்லிமீட்டர் கண்ணாடிக் குழாயும் போதும். 1961இல் வெளிவந்த வேரியன் ஏ-60 கருவியும் இதே 60 மெகாஹெர்ட்ஸில்தான் இயங்கியது. ஆனால் அது அதிர்வெண்களை ஒவ்வொன்றாகக் கடந்து சென்று பதிவு செய்தது. இன்றைய சிறு கருவியோ, ரிச்சர்ட் எர்ன்ஸ்டுக்கு 1991இல் நோபல் பரிசு பெற்றுத் தந்த, எல்லா அதிர்வெண்களையும் ஒரே வானொலி அலைத் துடிப்பால் தூண்டும் துடிப்பு முறையில் முழு நிறமாலையையும் சில நொடிகளில் எடுத்துவிடுகிறது.

இதன் பெருங்குறை புலத்தின் வலிமைக் குறைவே. நிறமாலையில் வெவ்வேறு சூழலிலுள்ள ஹைட்ரஜன்கள் தனித்தனி முகடுகளாகத் தெரியும். அம்முகடுகளுக்கு இடையிலான தொலைவு (வேதிப் பெயர்ச்சி) ஹெர்ட்ஸ் கணக்கில் புலத்தோடு சேர்ந்து சுருங்கும்; அண்டை அணுக்கருக்களால் முகடுகள் பிளவுறும் அளவான இணைப்பு மாறிலி சுருங்காது. 60 மெகாஹெர்ட்ஸில் ஒரு பிபிஎம் (அதிர்வெண்ணில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) என்பது 60 ஹெர்ட்ஸ் மட்டுமே என்பதால், 7 ஹெர்ட்ஸ் இடைவெளியுள்ள பிளவுகள் பரந்து ஒன்றன்மேல் ஒன்று ஏறிவிடுகின்றன. எத்தில் அசிடேட்டின் மூன்று முகடுகளும் பாடநூல் படத்தைப் போலத் தெளிவாக வருகின்றன. கொலஸ்டிராலை வைத்தால் 5.3 பிபிஎம் அருகே உள்ள இரட்டைப் பிணைப்பு ஹைட்ரஜனும் 3.5 அருகே உள்ள இன்னொன்றும் தெரியும், 2.5க்குக் கீழே உள்ள அனைத்தும் ஒரே மேடாகிவிடும். இயற்கைப் பொருள்களின் கட்டமைப்பைப் புதிதாக நிறுவும் குழுவினருக்கு இக்கருவியை நான் பரிந்துரைக்க மாட்டேன். கார்பன்-13 நிறமாலைக்கும் அப்படியே. இயற்கையில் கார்பனில் 1.1 சதவீதம் மட்டுமே அந்த ஐசோடோப்பு; சிக்னல்–இரைச்சல் விகிதத்தை இரட்டிப்பாக்க நான்கு மடங்கு ஸ்கேன் தேவை. நீர்த்த மாதிரிக்கு ஓர் இரவு முழுதும் ஓடவிட்டும் பயனில்லாமல் போனதுண்டு.

வினையைப் பின்தொடர்வதில்தான் இதன் உண்மையான மதிப்பு தெரிகிறது. புலம் நகராமல் பூட்டி வைப்பதற்கான சிக்னலைக் கருவி தன்னுள்ளிருந்தே எடுத்துக்கொள்வதால் டியூட்டீரியம் (கன ஹைட்ரஜன்) ஏற்றிய கரைப்பான் கட்டாயமில்லை. குடுவையிலிருந்து எடுத்த கரைசலை அப்படியே குழாயில் ஊற்றலாம். எங்கள் மாணவி ஒருவர் மெத்தனாலில் பென்சால்டிஹைடைச் சோடியம் போரோஹைட்ரைடால் ஒடுக்கினார். 10 பிபிஎம்மில் நிற்கும் ஆல்டிஹைடு முகடு, குமிழ்கள் அடங்கிய பின் அளந்த ஒவ்வொரு மாதிரியிலும் சிறுத்துக்கொண்டே வந்தது. ஆனால் 4.5 பிபிஎம்மில் தோன்றிய முகடு வினைப்பொருளான பென்சைல் ஆல்கஹாலுடையது என்று எண்ணி அவர் கணக்கிட்ட விளைச்சல் கூடுதலாக வந்தது. காரணத்தைத் தேடியபோது அது மெத்தனாலின் கார்பன்-13 துணைமுகடு, அதாவது கார்பன்-13 அணுவோடு பிணைந்த ஹைட்ரஜன்களால் தாய்முகட்டின் இருபுறமும் எழும் சிறு முகடுகளில் ஒன்று, எனத் தெரிந்தது. ஏறத்தாழ 141 ஹெர்ட்ஸ் இணைப்பு அந்தத் துணைமுகடுகளை 3.3 பிபிஎம்மின் இருபுறமும் தலா 70 ஹெர்ட்ஸ் தள்ளி வைக்கிறது. 60 மெகாஹெர்ட்ஸில் அது 1.2 பிபிஎம் தொலைவு. 400 மெகாஹெர்ட்ஸில் அவை தாய்முகட்டின் காலடியிலேயே நின்றிருக்கும். துணைமுகடு ஒவ்வொன்றும் தாய்முகட்டில் 0.55 சதவீதமே என்றாலும், லிட்டருக்கு 25 மோலுக்கு அருகில் உள்ள கரைப்பானில் அந்த அளவு, நீர்த்த வினைப்பொருளின் முகட்டுக்கு ஈடாகிவிடும். மையத்திலிருந்து அச்சிட்டு வரும் தாளில் இந்தப் பாடம் அவருக்கு ஒருபோதும் கிடைத்திருக்காது.

ஃபுளூரின், பாஸ்பரஸ் சேர்மங்களோடு வேலை செய்வோர் தயங்க வேண்டியதே இல்லை. ஃபுளூரின்-19, பாஸ்பரஸ்-31 இரண்டும் இயற்கையில் நூறு சதவீதம் உள்ளவை. முகடுகளும் மிகப் பரந்த எல்லையில் சிதறி நிற்பதால் சிறிய புலம் தடையாவதில்லை.

தொல்லைகளையும் சொல்ல வேண்டும். நியோடிமியம்–இரும்பு–போரான் காந்தத்தின் புலம், வெப்பநிலை ஒரு பாகை உயர்ந்தால் ஏறத்தாழ 0.1 சதவீதம் குறையும். நிறமாலையின் கணக்கில் அது 1,000 பிபிஎம். நிலைக்காந்தக் கருவிகள் காந்தத்தைச் சீரான வெப்பத்தில் வைத்துக்கொள்கின்றன என்றாலும், அறையின் குளிரூட்டி ஓரிரவு நின்றால் மறுநாள் காலையில் ஷிம் செய்து (புலத்தை எங்கும் சீராக்கி) முகடுகளைக் கூர்மையாக்கவே பாதி நாள் கழிந்துவிடுகிறது. முதல் ஆண்டில் ஒரு குழாய் உள்ளே உடைந்தது. கருவியை விற்ற நிறுவனம் பொறியாளரை அனுப்ப ஐந்து வாரம் எடுத்துக்கொண்டது. பராமரிப்பு ஒப்பந்தத்தில் எத்தனை நாளுக்குள் ஆள் வருவார் என்று எழுத்தில் கேட்டுப் பெறாதது எங்கள் தவறு.

இளம் வேதியியலாளர்களின் வேலைவாய்ப்பைக் கருதும்போது இந்தத் தொல்லைகளை நான் பெரிதாக நினைக்கவில்லை. பட்டம் பெற்றோர் பலரும் நிறமாலையைப் படிக்கக் கற்றிருக்கிறார்கள், அதை எடுத்ததில்லை. நேர்முகத் தேர்வுகளில் கேள்வி கேட்கும் பக்கத்தில் பலமுறை அமர்ந்திருக்கிறேன். ஒரு முகட்டின் பரப்பு எதிர்பார்த்ததைவிட ஏன் குறையக்கூடும் என்று கேட்டால், மாசு என்ற விடையோடு பெரும்பாலோர் நின்றுவிடுகிறார்கள். துடிப்புகளுக்கிடையே, தூண்டப்பட்ட அணுக்கருக்கள் பழைய நிலைக்குத் திரும்பும் வேகத்தைக் குறிக்கும் தளர்வுக் காலமான டி1-ஐப் போல் ஐந்து மடங்கு காத்திருக்காவிட்டால் மெதுவாகத் தளரும் அணுக்கருக்கள் குறைவாகவே பதிவாகும் என்பதைச் சொல்பவர், அதைத் தம் கையால் மாற்றிப் பார்த்தவராகவே இருக்கிறார். மருந்து நிறுவனங்களின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவு, கருவி நிறுவனங்களின் பயன்பாட்டு நிபுணர் பணி, களச் சேவைப் பொறியாளர் பணி ஆகிய மூன்றிலும் கேட்கப்படுவது இந்தக் கைப்பழக்கமே. எங்களிடமிருந்து சென்ற இருவர் இத்தகைய பணிகளில் சேர்ந்தபோது, இக்கருவியில் தாங்கள் செய்த அளவறி பகுப்பாய்வையே தேர்வில் விளக்கியதாகச் சொன்னார்கள்.

வாங்க முடிவு செய்வோர், விற்பனையாளர் கொண்டுவரும் எத்தில் பென்சீன் மாதிரியைப் பார்த்து நிறைவடைய வேண்டாம். அது எந்தக் கருவியிலும் அழகாகவே வரும். முகட்டின் அகலத்தைப் பாதி உயரத்தில் மட்டுமன்றி, கார்பன்-13 துணைமுகடுகளின் அளவான 0.55 சதவீத உயரத்திலும் அளந்து காட்டச் சொல்லுங்கள். பிறகு உங்கள் ஆய்வகத்திலேயே மிகவும் சிக்கலான, மிகவும் நீர்த்த மாதிரியைக் கொடுத்து, அதன் நிறமாலையை நீங்களே அமர்ந்து எடுத்துப் பாருங்கள்.