பிரித்து வைப்பதா, சேர்த்து வைத்துச் சோதிப்பதா? ஃபேன்டஸி காதல் கதைகளின் இரண்டாம் பாகங்கள்

முதல் பாகத்தில் எதிரி வீழ்ந்தான், அரியணை கிடைத்தது, காதலும் கைகூடியது. இனி இரண்டாம் பாகத்தில் எழுதுவதற்கு என்ன இருக்கிறது? ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் ஏ.எல். படிக்கும் தங்கச்சிமார் ஒரே ஆங்கிலப் புத்தகத்தை அட்டை கிழியும்வரை கைமாற்றிப் படிக்கிறார்கள். மனதுக்குப் பிடித்த ஜோடியை மறுபடி பார்க்கப் போகும் ஆசை அவர்களுக்கு எவ்வளவோ, எனக்கும் அவ்வளவே. அந்த ஆசையை எந்த வகைத் தொடர்ச்சி காப்பாற்றுகிறது, எது கைவிடுகிறது என்று பார்ப்போம். கதை முடிச்சுகள் சில இங்கே அவிழும், சொல்லிவிட்டேன்.

அதிகம் பேர் எடுக்கும் வழி, ஜோடியைப் பிரிப்பது. 'ட்வைலைட்' கதையின் இரண்டாம் பாகமான ஸ்டெஃபனி மேயரின் 'நியூ மூன்' (2006) இதற்குப் பெரிய உதாரணம். பெல்லாவின் நன்மைக்கென்று அவளுடைய வாம்பயர் காதலன் எட்வர்ட் தானே முடிவெடுத்து, அவளைக் காட்டில் விட்டுவிட்டுப் போகிறான். அதன் பின் ஒக்டோபர், நவம்பர், டிசம்பர், ஜனவரி என்று மாதப் பெயர் மட்டும் அச்சான பக்கங்கள் வருகின்றன. வேறு ஒரு வார்த்தை இல்லை. துயரத்தை இதைவிட நன்றாகக் காட்டிய பக்கங்களை இந்த வகைக் கதைகளில் நான் கண்டதில்லை. ஆனால் கதையின் பெரும்பகுதியில் எட்வர்ட் இல்லை. யாரைப் பார்க்கத் திரும்பி வந்தோமோ அவனைக் காணோம். இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு: பெல்லாவைக் கேட்காமலே அவளுக்காக எடுத்த முடிவு அது. முதல் பாகத்தில் இருவரும் சேர்ந்து சம்பாதித்த நம்பிக்கையை ஒருவன் தனியாகச் செலவழித்துவிடுகிறான்.

இதற்கு நேர் எதிரே நிற்பது ஹோலி பிளாக்கின் 'த விக்கட் கிங்' (2019). 'த குரூயல் பிரின்ஸ்' (2018) முடியும்போது, மனிதப் பெண்ணான ஜூட், மாய உலகத்து இளவரசன் கார்டனைத் தந்திரமாக அரியணையில் ஏற்றிவிடுகிறாள். ஓராண்டும் ஒரு நாளும் அவள் சொல்வதை அவன் கேட்டே ஆக வேண்டும் என்பது ஒப்பந்தம். இரண்டாம் பாகம் இந்த முடிச்சை அவிழ்க்காமல் அதற்குள்ளேயே வாழ்கிறது. இருவரும் ஒரே அரண்மனையில், ஒரே சபையில் இருக்கிறார்கள். கட்டளைக்குப் பணிகிறவன் காதலிக்கிறானா, பணிகிறானா? ஜூடுக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. கெடு வேறு நாளுக்கு நாள் குறைகிறது. பாத்திரங்களைத் திரும்பக் கொண்டுவருவது என்றால் இப்படிக் கொண்டுவர வேண்டும் என்பேன்.

சரி, அதிலும் கடைசியில் பிரிவு வருகிறதே என்று கேட்கலாம். வருகிறது. அவளை மணந்த கையோடு, மகுடம் மன்னிக்கும்வரை என்று நிபந்தனை வைத்து கார்டன் அவளை நாடு கடத்துகிறான். அவளே இப்போது அரசி, மகுடம் அவளுடையதும்தான், அவளே தன்னை மன்னித்துக்கொண்டு திரும்பியிருக்கலாம். கோபத்தில் அவளுக்கு அது புரியவில்லை. இரண்டு பேருடைய குணமும் சேர்ந்து உண்டாக்கிய பிரிவு இது. அதனால் வலித்தாலும் ஏமாற்றமாக இல்லை.

இந்தக் கேள்வி மலையகத்துக்குப் புதிதும் இல்லை. மாசி மாதம் தோட்டங்களில் ஆடும் காமன் கூத்து முழுக்க முழுக்க ஒரு மாயக் காதல் கதை. சிவனின் தவத்தைக் கலைக்கப் போன மன்மதன் நெற்றிக்கண்ணில் எரிந்து சாம்பலாகிறான். ரதி புலம்புகிறாள். பிறகு அவன் உயிர் பெறுகிறான், ஆனால் ரதியின் கண்ணுக்கு மட்டுமே தெரிவான். எரிந்தானா, எரியவில்லையா என்று எரிந்த கட்சி, எரியாத கட்சியாகப் பிரிந்து லாவணி பாடும் மரபும் இந்தக் கதைக்கு உண்டு. கூத்து மன்மதனைத் திருப்பித் தருகிறது, ஆனால் எரிந்ததை அழித்துவிட்டுத் தரவில்லை. நான் இரண்டாம் பாகங்களை எடைபோடும் அளவு இதுதான்: நடந்தது நடந்ததாகவே இருக்க வேண்டும்.

இந்த அளவில் நன்றாக நிற்கும் மூன்றாவது வழி, ஓரத்தில் நின்றவர்களை நடுவுக்குக் கொண்டுவருவது. லீ பார்டுகோவின் 'கிங் ஆஃப் ஸ்கார்ஸ்' (2019) அப்படிப்பட்டது. 'ஷேடோ அண்ட் போன்' புத்தகங்களின் நாயகி அலினா இதில் மையத்தில் இல்லை. இளவரசனாகப் பார்த்த நிக்கோலாய் இப்போது அரசன். முந்தைய போரில் அவனுக்குள் புகுந்த இருள் இன்னும் போகவில்லை, இரவில் அவனைச் சங்கிலியால் கட்ட வேண்டியிருக்கிறது. முதல் கதைகளில் எரிச்சலூட்டிய ஸோயா இப்போது அவனுக்குப் பக்கத்தில் நிற்கிறாள். அவளை மறுபடி வேறு கண்ணால் பார்க்க வைத்தது எனக்குப் பெரிய சந்தோஷம். அலினாவுக்காகவே வருகிறவர்களுக்கு இது ஏமாற்றம் தரும், அதையும் மறைக்க முடியாது.

காலத்தைத் தாண்டிப் போவது இன்னொரு வழி. ஹோலி பிளாக்கின் 'த ஸ்டோலன் ஏர்' (2023) ஜூட், கார்டன் கதைக்கு எட்டு ஆண்டுகள் கழித்துத் தொடங்குகிறது. ஜூடின் தம்பி ஓக், அன்று சின்னப் பையன், இன்று வளர்ந்த இளவரசன். கொழும்பில் கடை வேலைக்குப் போன அண்ணன் தீபாவளிக்கு வீடு வருவது மாதிரி, ஆளைத் தெரிகிறது, ஆனால் பேச்சில் நாம் அறியாத ஏதோ கலந்திருக்கிறது. புது ஜோடிக்காகப் படிக்கலாம். ஜூடும் கார்டனும் வேண்டும் என்று போகக் கூடாது.

பின்னோக்கிப் போவதில் நம் கல்கியைத் தாண்ட ஆளில்லை. 'பார்த்திபன் கனவு' முதலில் வந்தது. அதில் சிவனடியாராக வரும் பல்லவ மன்னர் நரசிம்மவர்மர், நாயகி குந்தவியின் தந்தை. அப்புறம் வந்த 'சிவகாமியின் சபதம்' அவருடைய இளமைக் காதலைச் சொல்கிறது. முந்தையதைப் படித்தவர்களுக்குச் சிவகாமியின் பேர் அந்தக் குடும்பத்தில் இல்லை என்று தெரியும். தெரிந்தே அவள் ஒவ்வொரு முறை சிரிக்கும்போதும் மனசு பதறுகிறது. முடிவு தெரிந்தால் சுவை போய்விடும் என்பவர்கள் இந்த வரிசையில் படித்துப் பார்க்கட்டும்.

பிரதிலிபி இணையதளத்தில் தொடர் எழுதும் பிள்ளைகளே, 'அடுத்த பாகம் எப்போ?' என்ற கேள்விக்குப் பயந்து ஜோடியைப் பிரித்துவிடாதீர்கள். முதல் பாகத்தில் அவர்கள் ஒருவருக்கொருவர் கொடுத்த வாக்கை எடுத்து, அதைக் காப்பாற்றுவது கஷ்டமாகும் ஒரு நிலைமையை யோசியுங்கள். கதை அங்கேயே இருக்கும்.

வாசகர்களில் ஒரு புத்தகத்துக்கு மட்டும் காசு சேர்த்து வைத்திருப்பவர்களுக்கு என் பரிந்துரை 'த விக்கட் கிங்', ஆனால் முதல் பாகத்தை யாரிடமாவது இரவல் வாங்கிப் படித்துவிட்டு வாங்குங்கள். நிக்கோலாய் பக்கம் போகிறவர்கள் 'ஷேடோ அண்ட் போன்' மூன்று புத்தகங்களையும், பிறகு 'சிக்ஸ் ஆஃப் குரோஸ்', 'குரூக்கட் கிங்டம்' இரண்டையும் முடித்துவிட்டே 'கிங் ஆஃப் ஸ்கார்ஸ்' திறக்க வேண்டும். வரிசை மாறினால், ஸோயாவைக் கோபித்துக்கொள்ளும் வாய்ப்பே கிடைக்காமல் போய்விடும்.