ஏறுவது சுலபம், இறங்குவதுதான் பாடு: ரிமோட் டிரக்கோடு மூன்றரை வருடம்

எங்கள் வீட்டில் ஒரு பழைய பிஸ்கட் டின் இருக்கிறது. முன்சக்கரத்தைத் தாங்கும் பிளாஸ்டிக் ஆர்ம் பதினொன்று, மோட்டாரின் சுழற்சியைச் சக்கரத்துக்குக் கடத்தும் ஸ்பர் கியர் பல் போனது ஆறு, அதிர்வைத் தாங்கும் ஷாக்கின் வளைந்த கம்பி நான்கு, சக்கரத்தைத் திருப்பும் குட்டி மோட்டாரான சர்வோ மழுங்கிப்போனது இரண்டு, துருப்பிடித்த பேரிங் ஒரு கைப்பிடி. மூன்றரை வருடத்தில் உடைந்த எதையும் நான் வெளியே போடவில்லை. டின்னில் முக்கால்வாசி முதல் வருடத்துச் சாமான். அப்போது எனக்கு டிரக்கைச் சாய்வுப் பலகையான ராம்ப்பில் ஏற்றிப் பறக்கவிடத் தெரியும், அவ்வளவுதான்.

வண்டி 1/10 அளவு மான்ஸ்டர் டிரக், அதாவது ராட்சத டயர் மாட்டிய வகை. நான்கு சக்கரத்துக்கும் இழுவை உண்டு, பிரஷ்லெஸ் மோட்டார், பேட்டரியோடு கிட்டத்தட்ட மூன்று கிலோ. எந்தக் கம்பெனி என்று சொல்லப்போவதில்லை. குறை நிறையச் சொல்வேன், தவிர இந்த அளவில் வருகிற வண்டிகள் எல்லாமே ஏறக்குறைய ஒரே இடங்களில்தான் உடைகின்றன. பெட்டியின் மேல் மணிக்கு 80 கிலோமீட்டர் என்று போட்டிருந்தது. போகும். வாங்கிய வாரம் ஒருமுறை போகவிட்டுப் பார்த்தேன், அதோடு சரி. ராம்ப் தாண்ட அதில் பாதி வேகம் போதும்.

முதல் ராம்ப்பைத் தூத்துக்குடியில் எங்கள் பக்கத்துத் தெரு ஆசாரிதான் செய்து கொடுத்தார். நான்கடி நீளம், இரண்டடி அகலம், ஒன்றரை அடி உயரம், 12 மில்லிமீட்டர் பிளைவுட். "இது என்னத்துக்கு அண்ணாச்சி, கோழி ஏறவா?" என்று கேட்டார். அந்த அளவுக்குச் சாய்வு சுமார் 22 டிகிரி வரும். மணிக்கு 30 கிலோமீட்டரில் விளிம்பைத் தாண்டினால் டிரக் தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரம் போய், ஆறு மீட்டர் தள்ளி விழும். 40 என்றால் பத்து மீட்டர். பள்ளிக்கூடத்துப் பௌதிகம்தான், ஆனால் அன்றைக்கு நான் கணக்குப் போடவில்லை. ராம்ப்புக்கு ஆறடி தள்ளி செங்கலை அடுக்கி அதைத் தாண்ட வேண்டும் என்று மருமகனிடம் பந்தயம் கட்டினேன். டிரக் செங்கலைத் தாண்டி, நாங்கள் நின்ற இடத்தைத் தாண்டி, பக்கத்துக் காம்பவுண்டுச் சுவரில் மூக்கைக் குத்தியது. முதல் ஆர்ம் அன்றைக்குப் போனது.

அதற்கப்புறம் ஒரு மாதம் ஒரே கதை. விளிம்பைத் தாண்டியதும் மூக்கு கீழே தொங்கும், முன்பம்பர் தரையில் குத்தும், வண்டி முன்பல்டி அடித்துக் கூரையில் விழும். முன்சக்கரம் விளிம்பை விட்ட பிறகும் பின்சக்கரம் பலகையில் இருக்கிறது அல்லவா, அந்தக் கணத்தில் மூக்கு இறங்கத் தொடங்கிவிடுகிறது. போதாக்குறைக்கு, அமுங்கியிருந்த பின்ஷாக் விரிந்து வண்டியின் பின்புறத்தை உதைத்து மேலே தள்ளுகிறது. என் டிரக்கின் ஷாக்குகளில் ஊற்றி அனுப்பியிருந்த ஆயில் தண்ணீர் மாதிரி இருந்தது. எங்கள் ஊர் வெயிலில் அது இன்னும் இளகிவிடும். பின்னால் 50 எண் சிலிகான் ஆயில் (எண் கூடக் கூட ஆயில் கெட்டி), முன்னால் 40 என்று மாற்றிய நாளிலிருந்து உதை பாதியாகக் குறைந்தது. மூன்றரை வருடத்தில் நான் செய்த செலவுகளில் மிக மலிவானதும் மிகப் பலன் கொடுத்ததும் இந்த ஆயில்தான்.

மீதிப் பாதி விரலில் இருக்கிறது. இந்த விளையாட்டின் ருசியே அதில்தான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

சுழல் நாற்காலியில் உட்கார்ந்து கையை ஒரு பக்கம் வேகமாக வீசினால் நாற்காலி எதிர்ப்பக்கம் திரும்பும். காற்றில் இருக்கிற டிரக்கும் அப்படித்தான். ரிமோட்டில் வேகம் கூட்டும் விசையான திராட்டிலை அழுத்தினால் சக்கரங்கள் முன்னோக்கி வேகமெடுக்கும், உடம்பு அதற்கு எதிராகத் திரும்பும், அதாவது மூக்கு தூக்கும். பிரேக் பிடித்தால் மூக்கு இறங்கும். கனமான பெரிய டயரும் நான்கு சக்கர இழுவையும் இருப்பதால் மான்ஸ்டர் டிரக்கில் இது நன்றாகவே எடுபடும். சின்னச் சக்கரக் கார்களில் இந்த வித்தை இவ்வளவு எடுபடாது.

ஆனால் இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. மூக்கைத் தூக்குவது சக்கரத்தின் வேகம் இல்லை, வேகம் கூடுவதுதான். முழுத் திராட்டிலில் ராம்ப் ஏறினால் சக்கரம் ஏற்கெனவே உச்ச வேகத்தில் இருக்கும். காற்றில் மூக்கு தொங்கும்போது அழுத்த மிச்சம் ஒன்றும் இருக்காது. பாதித் திராட்டிலில் ஏறினால் இரண்டு பக்கமும் கையிருப்பு இருக்கும். வேகமாக வந்தால்தான் நன்றாகப் பறக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு இது பிடிபட ஐந்து மாதமும் நான்கு ஆர்மும் ஆயின. மருமகனுக்கு அப்போது பதினோரு வயது. யாரும் சொல்லாமலே ஒரே மாலையில் பிடித்துவிட்டான். எரிச்சலாகத்தான் இருந்தது.

காற்றில் மூக்கைச் சரி செய்த பிறகு விரலை எடுக்க வேண்டும். நான் எடுக்கவில்லை. திராட்டிலை அழுத்தியபடியே தரையைத் தொட்டால், தலைகால் தெரியாமல் சுற்றும் சக்கரத்தைத் தரை திடீரென்று பிடித்து நிறுத்துகிறது. அந்த அடி டயரிலிருந்து, இரண்டு பக்கச் சக்கரத்துக்கும் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியல் வழியாக ஸ்பர் கியருக்குப் போகிறது. அங்கே பல் போகும். டின்னில் இருக்கிற ஆறு கியரும் அப்படிப் போனவைதான். சக்கரம் அடியோடு நின்ற நிலையில் இறங்கினாலும் அடிதான். வண்டி முன்னால் போகிற வேகத்துக்கு ஏறக்குறைய ஈடாகச் சக்கரம் சுற்றிக்கொண்டிருக்க வேண்டும். அதைக் காதால்தான் பழக வேண்டும், மோட்டாரின் சத்தம் இறங்கி வரும்போது தெரியும்.

இடம் பற்றி. எங்கள் பக்கம் இரண்டு வகை நிலம் உண்டு. ஒன்று உப்பளத்து ஓரம். பலகை மாதிரி கெட்டியான சமதளம், ஓடி வர எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் கிடைக்கும். ஆனால் சமதளத்தில் ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழுகிற வண்டி மொத்த அடியையும் தானே வாங்குகிறது, அடிச்சட்டமான சேசிஸ் தரையில் அறைகிற சத்தம் வயிற்றைக் கலக்கும். அதோடு உப்பு. நான்கு ஞாயிற்றுக்கிழமை அங்கே ஓட்டினேன், கழுவித் துடைத்தும் இரண்டு மாதத்தில் பேரிங்குகள் கரகரவென்றன. வாட்டர்புரூப் என்று போட்டிருப்பது மின்சாரச் சாமானுக்குத்தான், பேரிங்குக்கு யாரும் வாக்குக் கொடுக்கவில்லை.

இன்னொன்று தேரி. திருச்செந்தூர், உடன்குடி, சாத்தான்குளம் பக்கம் போயிருப்பவர்களுக்குத் தெரியும், செக்கச்செவேலென்ற மணல்மேடுகள், இடையில் பனையும் உடைமரமும். டிரக்குக்கு இதைவிட நல்ல இறங்குமிடம் நான் பார்த்ததில்லை. மேட்டின் இந்தப் பக்கம் ராம்ப்பை வைத்தால் அந்தப் பக்கச் சரிவில் இறங்கலாம். வண்டி விழுகிற கோணமும் சரிவும் ஒத்துப்போனால் அடியே இல்லாத மாதிரி வழுக்கிக்கொண்டு போகும். அதே ராம்ப், அதே வேகம், ஆனால் தேரிக்குப் போகத் தொடங்கிய பிறகு நான் உடைத்த ஆர்ம் இரண்டுதான்.

தேரிக்கும் விலை உண்டு. மணலில் இழுக்கும்போது மோட்டார் கொதிக்கிறது. ஏழெட்டு நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்திச் சூடு பார்க்க வேண்டும். கொரோனா காலத்தில் நெற்றியில் காட்டிய தெர்மாமீட்டர் வீட்டில் இருந்தது, அதைக் காட்டினேன். அது மனிதக் காய்ச்சலுக்குச் செய்தது, நாற்பது சொச்சத்துக்கு மேல் ஏற மறுத்துவிட்டது. அப்புறம் பட்டறையில் பயன்படுத்துகிற துப்பாக்கி மாதிரியான ஒன்றை வாங்கினேன். 70 டிகிரியைத் தாண்டினால் மூடியைக் கழற்றி நிழலில் வைத்துவிடுவேன். செம்மணல் பவுடர் மாதிரி எல்லா மூட்டிலும் நுழையும். எண்ணெய் போட்டால் சேறாகிவிடும், அதனால் வெளிமூட்டுகளில் எண்ணெயே போடுவதில்லை, பிரஷ்ஷால் தட்டுவதோடு சரி. உடைமுள்ளைப் பற்றிக் கவலை வேண்டாம். இந்த டயரில் காற்று கிடையாது, உள்ளே ஸ்பாஞ்சுதான். ஆனால் டயரில் இருக்கும் சின்ன ஓட்டைகள் வழியாக மணல் போய்ச் சேர்ந்து சக்கரம் தள்ளாடும், அவ்வப்போது உதறிவிட வேண்டும்.

பேட்டரி விஷயத்தில் நான் செய்த தவற்றைச் சொல்லிவிடுகிறேன். 7.4 வோல்ட் லைப்போவில் (லித்தியம் பாலிமர் பேட்டரி) தொடங்கி, மூன்றாவது மாதமே 11.1 வோல்ட்டுக்குப் போனேன். வேகம் ஒன்றரை மடங்கு, உடைசலும் அதே வீதம். ராம்ப் பழகுகிறவர்கள் முதல் வருடம் 7.4ஐ விட்டு நகர வேண்டாம். ஒரு மே மாதம் முழுச் சார்ஜ் போட்ட பேட்டரியைக் காருக்குள் வைத்துவிட்டுக் கல்யாண வீட்டில் சாப்பிடப் போனேன். திரும்பி வந்தபோது தலையணை மாதிரி உப்பியிருந்தது. தீப்பிடிக்காதது என் நல்ல காலம். இப்போது ஓட்டாத நாட்களில் பேட்டரிக்குள் இருக்கிற ஒவ்வொரு செல்லையும் 3.8 வோல்ட்டில் நிறுத்தி, மண்சட்டியில் வைத்து, கட்டில் பக்கம் வராமல் பார்த்துக்கொள்கிறேன்.

மேல்மூடி மெல்லிய பாலிகார்பனேட். பல்டியில் விரிசல் விடாத மூடி கிடையாது. புதிதாக வாங்குவதற்கு முன், கட்டடக்காரர்கள் சுவர் விரிசலுக்கு ஒட்டுகிற வலை டேப்பை உள்பக்கம் வைத்து, மேலே செருப்பு ஒட்டும் பசையைத் தடவிப் பாருங்கள். என் மூடி இரண்டு வருடமாக இப்படித்தான் ஓடுகிறது, பழைய வேட்டி மாதிரி ஒட்டுமேல் ஒட்டு. பின்கண்ணாடி இருக்கிற இடத்தை வெட்டி எடுத்துவிட்டேன். மூடிக்குள் நுழைகிற காற்று வெளியேற வழியில்லாவிட்டால் அது பாராசூட் மாதிரி விரிந்து மூக்கைத் தூக்கிவிடும்.

கெண்டைக்காலில் இன்னும் ஒரு தழும்பு இருக்கிறது. இறங்கிய வண்டி பக்கவாட்டில் துள்ளி வந்து அடித்தது. மூன்று கிலோ, நாற்பது கிலோமீட்டர் வேகம், விளையாட்டுச் சாமான் என்று சொல்ல வாய் வராது. அதிலிருந்து வேடிக்கை பார்க்க வருகிற பிள்ளைகள் எல்லோரும் ராம்ப்புக்குப் பின்னால், ஓட்டுகிறவனுக்கும் பின்னால். சிக்னல் அறுந்தால் வண்டி பிரேக் பிடித்து நிற்கும்படி ரிசீவரில் அமைத்தாகிவிட்டது. வாங்கிய அன்றைக்கே செய்திருக்க வேண்டிய வேலை.

வீடியோ எடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. டிரக் நன்றாகப் பறந்தது, ஆனால் போனில் பார்த்தால் தவளை குதித்த மாதிரி இருந்தது. வண்டி பத்தில் ஒரு பங்கு, புவியீர்ப்பு மட்டும் முழுசு, காரணம் அதுதான். 1999இல் பிக்ஃபுட் என்ற நிஜ மான்ஸ்டர் டிரக் அமெரிக்காவின் டென்னசியில் ஒரு போயிங் 727 விமானத்தின் மேலே 202 அடி தாண்டியது. ஐந்து டன் எடையுள்ள வண்டி மெதுவாக மிதந்து இறங்குவது போலத் தெரியும். நம் வண்டியில் அந்தக் கனம் தெரிய வேண்டுமானால் காட்சியை மூன்று மடங்குக்குக் கொஞ்சம் மேலே மெதுவாக்க வேண்டும், பத்தின் வர்க்கமூலம் அவ்வளவுதான். போனில் நொடிக்கு 120 ஃபிரேம் வைத்து 30இல் ஓட்டினால் நான்கு மடங்கு வரும், பார்க்க அம்சமாக இருக்கும்.

பின்பல்டிக்குத் தனி ராம்ப் வேண்டும். ஆசாரி இந்தத் தடவை கோழி என்று கேட்கவில்லை. வளைவாக அறுத்த சட்டங்களின் மேல் 4 மில்லிமீட்டர் பிளைவுட்டை வளைத்து அடித்தார், விளிம்பில் ஏறக்குறைய 50 டிகிரி. வளைவில் ஏறும்போதே வண்டிக்குப் பின்னோக்கிய சுழற்சி வந்துவிடுகிறது, பாதி வேலையை ராம்ப்பே செய்கிறது. விளிம்பை விட்டதும் முழுத் திராட்டில், வானம் பார்த்த மூக்கு திரும்பக் கீழே வரும்போது பிரேக். எனக்குப் பத்துக்கு ஏழு சரியாக இறங்குகிறது. மருமகனுக்கு ஒன்பது. நான் ஓட்டும்போது அவன் பக்கத்தில் நின்று, "மாமா, விரல எடுங்க, விரல எடுங்க" என்று கத்துகிறான்.

வாங்கலாமா என்றால், வாங்கலாம், இந்த வண்டியையே திரும்பவும் வாங்குவேன். ஆனால் கடையில் டிரக்கின் விலையைக் கேட்பதற்கு முன் ஆர்ம், ஸ்பர் கியர், சர்வோ மூன்றும் கையிருப்பில் இருக்கிறதா, இல்லாவிட்டால் எத்தனை நாளில் வரும் என்று கேளுங்கள். எனக்கு ஒரு ஆர்முக்காக ஆறு வாரம் காத்திருக்க வேண்டி வந்தது. அதற்குள் லேத் பட்டறையில் நைலான் துண்டைக் கடைந்து ஒன்று செய்து மாட்டினேன், கம்பெனி ஆர்மைவிட அதுதான் அதிக நாள் உழைத்தது. உதிரிக்கும் பேட்டரிக்கும் இதுவரை நான் போட்ட பணம் டிரக்கின் விலையைத் தாண்டிவிட்டது. எவ்வளவு தாண்டியது என்பது வீட்டில் தெரியாது.

போன வாரம் பின் டிஃபரன்ஷியலில் புதிதாக ஒரு டக்டக் சத்தம் கேட்கத் தொடங்கியிருக்கிறது. வருகிற ஞாயிற்றுக்கிழமை பிரித்துப் பார்க்க வேண்டும்.